பேனரில் சிரித்த பல்

மீன் சட்டி தேய்க்கிற சாம்பலை எடுத்து என் வீட்டுக்காரர் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலால்கூட இல்லை, தேங்காய் நாரால். நுரை சிவப்பாக வழிந்தது. ஓடிப்போய் நாரைப் பிடுங்கினேன்.

எர்ணாவூரில் சாம்பலுக்கா பஞ்சம்? அனல் மின் நிலையத்திலிருந்து பறந்து மொட்டை மாடியில் தானாக வந்து படியும். கூட்டி அள்ளி வைத்தால் எப்பேர்ப்பட்ட கரிச்சட்டியும் பளிச்சென்று ஆகிவிடும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனுஷருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது.

விசைப்படகில் கயிறு அறுந்து முகத்தில் அடித்ததில் அவருக்கு முன்பற்கள் போய்விட்டன. அங்கே பிரிட்ஜ் வைத்துப் பொய்ப்பல் கட்டியிருந்தோம். டீயும் பாக்கும் சேர்ந்து அது பழுப்பேறிக் கிடந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் வாயை மூடியவர் இல்லை. எல்லாம் அந்த பேனர் செய்த வேலை. நாத்தனார் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள் என்பதால், கல்மண்டபம் முனையில் இவர் முகத்தை ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். டிசைன் போட்டவன் பல்லை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டான்.

"பேனர்ல ஒர்த்தன், மேடைல ஒர்த்தனா? சபை சிரிக்காது?" என்றார், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

பல் டாக்டரம்மாவும் திகைத்துத்தான் போனார். "இது நிஜப் பல் இல்லைங்க. வெளுக்கிற மருந்து இதுல வேலை செய்யாது. முதல்லயே வந்திருந்தா மேல் கறையைப் பாலிஷ் போட்டு எடுத்திருப்பேன். நீங்க பளபளப்பையே சுரண்டிட்டீங்க. இனிமே கறை சீக்கிரம் ஏறும். மாத்தித்தான் ஆகணும்." விசேஷத்துக்குள் முடியாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரைத் திட்டுவது?

மேடையில் அவர் உதட்டைத் தைத்துக்கொண்டவர்போல உட்கார்ந்திருந்தார். ஆசாரி கம்பியை எடுத்ததும் பிள்ளை வீரிட்டது. எப்போதும் அது அழுதால் இவர் பல்லைக் காட்டிச் சிரிப்பார், அதுவும் அடங்கிவிடும். அன்று நிமிர்ந்து பார்த்தால் மாமன் வாயைத் திறக்கவில்லை. அது மிரண்டு மடியிலிருந்து இறங்கப் பார்த்தது.

"நீ எங்க மாமா இல்ல. சிரி மாமா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து சிரித்தார். சொரசொரத்த, திட்டுத்திட்டாகக் கறுத்த பல் மொத்தமும் தெரிந்தது. சபையில் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை அவர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார்.

போட்டோ எடுத்தவன் என்னிடம் வந்து குனிந்தான். "கவலப்படாதக்கா. ஆல்பத்துல பல்ல வெள்ளயாக்கிடறேன்."

"தொட்டுப் பாரு," என்றேன். "கேமராவக் கடல்ல கடாசிடுவேன்."