எழுதப்படாத இருமல்

இரத்தம் கசியும் குழாயை மருத்துவர் உள்ளிருந்து அடைப்பார். அடைத்ததற்கு எண் இடுவது எங்கள் தொழில். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், நாகர்கோவிலில் ஒரு மெடிக்கல் கோடிங் அலுவலகத்தில், மற்றவர்கள் இட்ட எண்களைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் அறிக்கைகள் எங்கள் கணினித் திரைக்கு வரும். நாங்கள் இடும் எண்ணைப் பார்த்தே அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரும். ஒரு சொல் குறைந்ததற்காக விண்ணப்பம் திரும்பி வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். திருப்பி அனுப்பும் பக்கத்தில் இருப்பவள் எழுதுகிறாள் என்று அறிந்தே இதைப் படியுங்கள்.

நான்கு பாட்டில்

எம்போலைசேஷன் என்னும் இச்சிகிச்சையில், தொடை வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, உலோகச் சுருளையோ துகளையோ செலுத்தித் தமனியை அடைக்கிறார்கள். ஏன் அடைத்தார்கள் என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கும். இரத்தப்போக்குக்கு ஓர் எண், கட்டிக்கு வேறோர் எண். ஒருமுறை வந்த அறிக்கையில் காரணமே இல்லை. புதுக்கடையிலிருந்து வரும் தங்கஜெயா, என் பிரிவிலேயே கூர்மையானவள், இரத்தப்போக்குக்கான எண்ணை இட்டிருந்தாள். நோயாளிக்கு நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றிய குறிப்பைச் சான்றாகக் காட்டினாள்.

எழுதாதது நடக்கவில்லை என்பது எங்கள் விதி. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேட்கும்போதும் பதிலை நாமே எடுத்துக் கொடுக்கலாகாது. இதைச் சொல்லி அந்த அறிக்கைக்கு அவளுடைய மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

"பின்ன நாலு பாட்டில் ரத்தத்த எதுக்கு டீச்சர் ஏத்துனாவ, செடிக்குத் தண்ணி விட்டாவளா?"

ஐந்து சுருள், ஓர் எண்

ஒரே இடத்தில் எத்தனை குழாய்களை அடைத்தாலும், எத்தனை சுருள்களை வைத்தாலும், எண் ஒன்றுதான். கோட்டாற்றிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஷாகுல் ஐந்து சுருளுக்கு ஐந்து எண் இட்டிருந்தான். விளக்கிச் சொன்னேன். அவனுக்கு அது அநியாயமாகவே பட்டது.

"எங்க வாப்பா கடையில பைப்புக்கு மூடி வாங்குனா, எண்ணித்தான் துட்டு வாங்குவாவ டீச்சர்."

வாசலில் செல்வின்

தங்கஜெயாவின் கணவர் செல்வின் வளைகுடாவில் வெல்டராக இருந்து திரும்பியவர். பழைய காசநோய் அவருடைய வலது நுரையீரலில் வடுவை விட்டுப் போயிருந்தது. ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது இருமினார். கை கழுவும் தொட்டி முழுவதும் இரத்தம். கேரளத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே நுரையீரலுக்குச் செல்லும் இரண்டு தமனிகளை அடைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். மூன்றாவதாக ஒன்றும் கசியக்கூடும், ஒரு மாதத்துக்குள் அதையும் அடைத்துவிட வேண்டும் என்று மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து, மனைவியை அழைத்துச் செல்ல ஸ்கூட்டரில் வந்தார். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எனக்க நெஞ்சுல ரெண்டு குழாய அடச்சாவ. ஒங்க கணக்குல அது ஒண்ணுதான்னு இவ சொல்லுதா. மத்தத சும்மாவா டீச்சர் அடச்சாவ?"

சிவப்பு மை

இரண்டாம் சிகிச்சைக்கு அவருடைய காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தரவில்லை. முதல் சிகிச்சை எதற்காக என்பது அறிக்கையில் இல்லை, மருத்துவர் எழுத்தில் தந்தால் பரிசீலிப்போம் என்றது. தங்கஜெயா அறிக்கையை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். இரண்டு முறை படித்தேன். தமனிகளின் பெயர் இருந்தது, துகளின் அளவு இருந்தது. இரத்தம் என்ற சொல் இல்லை. இருமல் என்ற சொல்லும் இல்லை.

மருத்துவருக்கு அவள் எழுதிய கடிதத்தையும் காட்டினாள். 'என் கணவர் இரத்தம் இருமியதை நிறுத்தத்தானே இதைச் செய்தீர்கள்? ஆம் என்று எழுதித் தாருங்கள்.' அதைச் சிவப்பு மையால் அடித்தேன். 'சிகிச்சைக்கான மருத்துவக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்' என்று திருத்தினேன். பதிலை எடுத்துக் கொடுக்கலாகாது என்ற விதி எண் இடுகிறவர்களுக்கானது. ஒரு மனைவி எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். இது எனக்கும் தோன்றவில்லை, என்னிடம் பயின்ற அவளுக்கும் தோன்றவில்லை. ஒன்பது நாள் கழித்து மருத்துவரின் அலுவலகத்திலிருந்து இரண்டு சொல்லில் பதில் வந்தது: 'அறிக்கையைக் காண்க.'

"நமக்கு அமெரிக்காவில இருந்து வருமே, அதே பதிலுதான் டீச்சர்."

முழு மதிப்பெண்

அன்றே, நான் சிவப்பு மையால் அடித்த அவளுடைய வாக்கியத்தையே அப்படியே அனுப்பச் சொன்னேன். ஒப்புதலுக்குக் காத்திராமல் சங்கிலியை அடகு வைத்துப் போய்விடலாம் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். முதல் தடவைக்கே வளையல்கள் போயின, இதாவது கழுத்தில் கிடக்கட்டும், இன்சூரன்ஸ் பாஸாகி வரட்டும் என்று செல்வின் மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் இருமத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டுவதற்குள் உயிர் போயிற்று. ஏறக்குறைய அதே நேரத்தில் அவளுடைய மின்னஞ்சலுக்கு மருத்துவரின் கையொப்பத்துடன் பதில் வந்திருந்தது: 'ஆம். இரத்த இருமலை நிறுத்தவே செய்யப்பட்டது.' நேராகக் கேட்டதற்கு ஒரே நாளில் பதில்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே காரணம் எழுதப்படாத ஓர் அறிக்கை அவளிடம் போயிற்று. எண் இடாமல், பதிலை எடுத்துக் கொடுக்காமல், முறைப்படி விளக்கம் கேட்டிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. அவள் இருக்கைக்கே சென்று முழு மதிப்பெண் என்று சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"முழு மார்க்கா டீச்சர்? அவரு இருமினதுக்கும் இப்ப எழுத்து வந்தாச்சு. இனி அது நடந்ததுன்னு வச்சுக்கலாம்."

விதியில் பிழை இல்லை என்றுதான் இன்றும் புதியவர்களுக்குக் கற்பிக்கிறேன்; அதை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை, ஆகவே நிறுத்துவதும் நடப்பதில்லை.