மாடியில் வள்ளிக்கிழங்கு வைத்த வருஷம்

எங்கள் மொட்டைமாடியில் வள்ளிக்கிழங்கு போடலாம் என்று ஆரம்பித்தவள் நான். காரணம் வெயில். கீழே தறி போட்ட கூடம், மேலே ஒரே ஓர் அறை, அவ்வளவுதான் எங்கள் வீடு. சித்திரை பிறந்துவிட்டால் அந்த மேல் அறையில் மத்தியானம் படுக்க முடியாது. தளத்தில் கொடி படர்ந்தால் சூடு கீழே இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து சமையலறைக் கூடையில் மறந்துபோன ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஊதா நிறத்தில் முளைவிட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாவு இழை அறுந்தால்கூட 'ச்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. முதலில் சிரித்தார். பிறகு அவரே ஓட்டை விழுந்த தண்ணீர் டிரம்மை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அடியில் துளை போட்டுக் கொடுத்தார். தாமல் ஊர் ஏரியிலிருந்து வண்டல் மண் டெம்போவில் வந்து இறங்கியது. பக்கெட் பக்கெட்டாக மாடிக்கு ஏற்றினோம். டிரம் போதாமல் சிமெண்டுச் சாக்குகளிலும் மண்ணை நிரப்பினோம்.

முளைத்த கொடியைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்துப் புதைத்தேன். நறுக்கும்போது பால் வடியும். விரலில் பட்டால் கறுப்பாகப் பிசுபிசுத்துக்கொண்டு லேசில் போகாது. அந்தக் கையோடு பட்டைத் தொட முடியாது என்பதால் நறுக்குவது, புரட்டிவிடுவது எல்லாம் என் வேலையாயிற்று. காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. தறியைவிட்டு எழுந்தால் நேராக மாடிக்குத்தான் போவார். கொடி டிரம்மிலிருந்து வழிந்து தளம் முழுக்கப் பச்சையாகப் பரவியபோது அறையில் சூடு நிஜமாகவே குறைந்தது.

எதிர்வீட்டில் அவருடைய பெரியப்பா மகன் இருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பட்டுச் சேலைக் கடை ஒன்றில் வேலை. அவர் பையன் ஒரு முறை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனி தேறமாட்டான் என்ற நிலைக்குப் போய்ப் பிழைத்தவன். அப்போது ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டாராம். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் தன் மாடிக் கைப்பிடிச் சுவரில் வாழைப்பழமும் பொரிகடலையும் வரிசையாக வைப்பார். கோயில் கோபுரத்துப் பக்கமிருந்து குரங்குகள் கூரை கூரையாகத் தாண்டி வரும். தின்றுவிட்டுப் போய்விடும். எங்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

கொடி படர்ந்த பிறகு அவை கேபிள் ஒயரைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி எங்கள் மாடிக்கு வர ஆரம்பித்தன. முதலில் கொழுந்தைக் கிள்ளித் தின்றன. கிழங்கு இறங்கி டிரம் மண்ணில் வெடிப்பு விட்டதும், கீழே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டன. ஒரு நாள் மாடிக்குப் போனால், விரல் கனத்துப் பிஞ்சுக் கிழங்குகள் பாதி கடித்து இறைந்து கிடந்தன. ஒரு டிரம்மில் மண்ணே இல்லை. முள் வைத்தோம், வலை கட்டினோம். வலையைக் கிழித்தன. கூட்டத்துக்குப் பெரியதாக ஒரு கடுவன் இருந்தது. விரட்டினால் ஓடாது. உட்கார்ந்த இடத்திலேயே பல்லைக் காட்டும்.

என் வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்குப் போய்ப் பேசினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இங்க வெக்காதணா. கோயிலாண்ட போய் வையி. எல்லாம் நம்ம மாடிக்கு வந்துக்கினு இருக்குது."

"அது சாமிக்கு வெக்கறதுபா. உன் கெழங்குக்காக வேண்டுதல நிறுத்தச் சொல்றியா? அத்த நீ புடுங்கிப் போட்டுடு. அது ஏன் வரப்போவுது?"

என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். கிழங்கை எடுக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

அந்த வாரமே நான் கடிபட்டேன். கொடியைத் தூக்கிப் புரட்டாவிட்டால் கணுவுக்குக் கணு வேர் விட்டு, கிழங்கு பெருக்காது. காலையில் குனிந்து புரட்டிக்கொண்டே போனேன். டிரம்முக்குப் பின்னால் இலைக்குள் அந்தக் கடுவன் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. என் கை அதன் மேலேயே பட்டிருக்க வேண்டும். முன்கையைக் கவ்விப் பிடித்து உலுக்கியது. பிடியை விடவில்லை. சதை கிழிகிற சத்தத்தை என் காதால் கேட்டேன். நான் போட்ட கத்தலில் அவர் ஓடிவந்தபோது கடுவன் சுவரில் ஏறி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் ரத்தம் இலையெல்லாம் சொட்டியிருந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். கடித்ததைவிட அது வலித்தது. வீடு திரும்பினோம். வந்ததும் அவர் தறியில் உட்காரவில்லை. தறியிலிருந்து கழற்றி மூலையில் சாத்தியிருந்த பழைய மரக்கழியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

"நீ கீழ இரு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் போகாதே என்று சொல்லவில்லை. அந்தக் கடுவன் சாக வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. கட்டுப் போட்ட கை துடித்துக்கொண்டிருக்க, படியடியில் நின்று மேலே காது கொடுத்தபடி இருந்தேன். அன்று குரங்கு வரவில்லை. அடுத்தடுத்த நாட்களும் வரவில்லை. அவர் நெசவை விட்டுவிட்டுத் தினமும் காலையில் கழியோடு மாடியில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை வந்தது. எதிர்வீட்டுச் சுவரில் பழம் வைத்தார்கள். கூட்டம் வந்து தின்றது. தின்று முடித்து ஒயரில் இறங்கி எங்கள் பக்கம் வந்தது. நான் கீழே அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேலே திமுதிமுவென்று ஓடுகிற சத்தம். பிறகு 'தொப்'பென்று ஒரு அடி. ஈர மூட்டையில் அடித்த மாதிரி இருந்தது.

நான் படியேறி மேலே போனபோது அவர் கழியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். அடி கடுவன் மேல் விழவில்லை. அது தாவிவிட்டது. டிரம்முக்குள் குனிந்து தோண்டிக்கொண்டிருந்த ஒரு மந்தியின் மண்டையில் இறங்கியிருந்தது. அது உடனே விழவில்லை. மனுஷி உட்காருகிற மாதிரி மெல்ல உட்கார்ந்தது, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டது. காதுக்குள்ளிருந்து ரத்தம் வந்தது. அப்புறம் சாய்ந்தது. சாய்ந்தபோதுதான் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி கண்ணில் பட்டது.

அதற்குள் மற்றவை திரும்பிவிட்டன. கடுவன் அவர் தோளில் பாய்ந்து கடித்தது. இன்னொன்று தொடையைப் பிடித்தது. அவர் கழியைச் சுழற்றினார், பாதி அடி சுவரில் விழுந்தது. நான் டிரம்மிலிருந்து கை கையாக மண்ணை அள்ளி அவற்றின் கண்ணில் வீசினேன். மண்வெட்டி கையில் அகப்பட்டதும் அதாலும் அடித்தேன். எதன்மேல் பட்டது என்று தெரியாது. கடைசியில் அவை ஒயரிலும் பக்கத்துக் கூரையிலும் ஏறிக்கொண்டு கிறீச்சிட்டன. அந்தச் சத்தத்தில் தெருவே வெளியே வந்தது.

எதிர்வீட்டு மாமா தன் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இறங்கி, தெருவைத் தாண்டி, எங்கள் படியில் ஏறி வந்தார். உதவிக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். மந்தியைப் பார்த்தார். அதன் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் கையிலிருந்த கழியைப் பிடுங்கினார். அவர் தடுக்கவே இல்லை.

"குட்டிய வெச்சிக்கினு இருந்ததடா" என்றார் மாமா. கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

முதல் அடி என் வீட்டுக்காரர் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவர் வலது கையைத் தூக்கி மறைத்தார். விரல் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. மறுபடி ஓங்கியபோது நான் மண்வெட்டியின் பிடியைத் திருப்பி மாமாவின் முழங்காலில் அடித்தேன். அவர் டிரம்மின் மேல் விழுந்தார். அறுத்த பிளாஸ்டிக் விளிம்பு புருவத்தைக் கிழித்து முகமெல்லாம் ரத்தமாயிற்று. எழுந்திருக்க முயன்றார். நான் இன்னொரு முறை ஓங்கிவிட்டேன். தெரு ஆட்கள் வந்து பின்னாலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அடித்திருப்பேன்.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். கை எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, குரங்கு துரத்தியதில் படியில் விழுந்துவிட்டதாக என் வீட்டுக்காரர் சொன்னார். அடுத்து மாமாவுக்கும் அதே கேள்வி. அவரும் படியில் விழுந்ததாகவே சொன்னார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது தெருக்காரர்கள் மந்தியை மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். குட்டிதான் விடவில்லை. வனத்துறை ஆட்கள் வந்து, தாயின் மார்பு முடியைப் பற்றியிருந்த அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். பிரித்த விரல் மறுபடி போய்ப் பற்றிக்கொண்டது. அது போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. என் வீட்டுக்காரர் மாவுக்கட்டுக் கையோடு அதை முழுக்க நின்று பார்த்தார். கூண்டில் வைத்துக் கொண்டுபோன பிறகுதான் கீழே இறங்கினார். மந்தியைப் பால் ஊற்றிப் புதைக்கப் போனவர்களோடு மாமா நொண்டிக்கொண்டே நடந்தார்.

தறியில் பாதி நெய்த முகூர்த்தச் சேலை இருந்தது. வேறு ஆள் வந்து அதை முடித்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரவில் தூங்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

கிழங்கை நான் ஒருத்தியாகத்தான் தோண்டினேன். குரங்குகள் மேல் மண்ணைத்தான் கிளறியிருந்தன. டிரம்முக்கு அடியில் நல்ல கனமான கிழங்குகள், செக்கச் செவேலென்று கிடந்தன. கழுவி, உப்புப் போட்டு வேகவைத்தேன். வாசனை வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தோலை உரித்து, சூட்டோடு சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. வேகவைத்த அவ்வளவையும் சாப்பிட்டேன். தோண்டியதில் மிச்சத்தைத் தெருவில் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு இரண்டு விரல் முழுசாக மடங்கவில்லை. மறுபடி தறியில் உட்கார்ந்தார். குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளுகிற வேகம் குறைந்துவிட்டது. கரை சேர்க்கிற இடத்தில் நின்று நின்றுதான் நெய்கிறார்.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் எதிர்வீட்டு மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். புருவத்தில் தையல் போட்ட கோடு தெரிந்தது. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை எப்டி இருக்குது?"

"மடங்குது" என்றார் என் வீட்டுக்காரர், தறியிலிருந்து எழாமல்.

மாமா நாடாவைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்தார்.

"அந்தக் குட்டி ஒட்டிக்கினு இருந்ததப் பாத்ததும், ஆஸ்பத்திரில எம் புள்ள கெடந்ததுதான்டா எனக்குத் தெரிஞ்சிது."

"எனக்கு இவ கைதான் தெரிஞ்சிதுணா. அது குட்டி வெச்சிருந்தது தெரியல."

மாமா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. இருவர் முதுகும்தான் எனக்குத் தெரிந்தது. நான் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தேன். மாமா திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா என்றார். சொம்பில் மோந்துகொண்டுபோய்க் கொடுத்தேன். உடனே உள்ளே திரும்பிவிட்டேன்.

இப்போது அண்ணனும் தம்பியும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். கோயில் உற்சவத்துக்குச் சேர்ந்தே போகிறார்கள். நான் இன்னும் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அந்த மாமாவைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், அன்று ஓங்கிய மண்வெட்டியின் கனம் என் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது.