தூங்கட்டும் என்று சொன்ன டீச்சர்

மூன்றாம் வகுப்பு அறையின் மூலையில், பீரோவுக்குப் பக்கத்தில், நாலாக மடித்த பழைய பருத்திப் புடவை ஒன்று கிடக்கும். பச்சை நிறம், வெளுத்துப்போனது. புதிதாக வருகிறவர்கள் தரை துடைக்கிற துணி என்று நினைப்பார்கள். அது படுக்கை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை அதில் படுத்துத் தூங்கும். அந்த வகுப்பு டீச்சர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டது. நான் அடுத்த அறையில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்தது அரைச்சுவர்தான் என்பதால் அவள் வகுப்பில் நடப்பதெல்லாம் என் காதில் விழும்.

சித்தூரிலிருந்து பலமனேர் போகிற சாலையை ஒட்டி எங்கள் பள்ளிக்கூடம். சுற்றிலும் தக்காளித் தோட்டம். பறிப்புக் காலத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும், வண்டி நேரத்துக்கு மண்டிக்குப் போயாக வேண்டும். அம்மாக்களோடு பிள்ளைகளும் கூடை பிடிக்கப் போவார்கள், அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். முதல் மணி அடிக்கும்போதே கண் சொருகும். எங்களுக்கு நடத்துகிற பயிற்சிகளில் இதற்கெல்லாம் வைத்தியம் சொல்வார்கள். முன் வரிசையில் உட்கார வை, எழுப்பி நிறுத்து, கேள்வி கேள். நானும் அதைத்தான் செய்தேன். நின்றுகொண்டே தூங்குகிற பிள்ளையை என்ன செய்வது என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை.

அவள் வகுப்பில் அப்படித் தூங்கியவள் ஒரு பெண் குழந்தை. அப்பா திருப்பதியில் ஓட்டல் வேலை, எப்போதாவது வருவார். அம்மாவும் அவளும் தோட்டத்துக்குப் போவார்கள். தக்காளிச் செடியைத் தொட்டுத் தொட்டு விரல்களில் கரும்பச்சையாகக் கறை ஏறியிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. வீட்டில் தமிழ், புத்தகத்தில் தெலுங்கு, கண்ணில் தூக்கம். அந்தக் குழந்தை எதைப் படிக்கும்? டீச்சர் அவளை எழுப்பவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் புடவையில் படுக்க வைத்தாள். இன்டர்வல் மணி அடித்ததும் எழுப்பி, முகம் கழுவ வைத்து, இரண்டு பிஸ்கட் கொடுப்பாள். விட்டுப்போன பாடத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவாள், அதுவும் முதலில் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு.

மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "எனக்கும் தூக்கம் வர்து மேடம்" என்று ஒருவன் கிளம்பினான். "போய்ப் படுறா" என்றாள். படுத்தான், புரண்டான், கூரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் போரடித்துத் தானே எழுந்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எங்கள் ஹெட்மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "இது ஸ்கூலா, திருப்பதி லாட்ஜா மேடம்? ஆபீசர் வந்தா நான் இன்னா சொல்றது?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே, "தூங்கட்டும் சார். முழிச்சிக்கினு இருக்கறப்ப நல்லாப் படிக்குது" என்பாள். அது பொய்யில்லை. அந்த வருஷ நடுவிலேயே அந்தப் பெண் தெலுங்குப் பாடத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தாள். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பெருமையாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சல். ஒருநாள் அந்தப் பெண் வந்ததும் வராததுமாகத் தானே போய்ப் புடவையில் சுருண்டுகொண்டாள். இன்டர்வல் மணி அடித்தது, எழவில்லை. டீச்சர் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள். முந்தின நாள் பறிப்பு அதிகம் என்று அவளுக்குத் தெரியும். "பாவம், இன்னிக்கி கூடக் கொஞ்சம் தூங்கட்டும்" என்று அவள் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். பிள்ளைகளும் அப்படியே கிசுகிசுவென்று வாய்ப்பாடு சொன்னார்கள். மதியச் சாப்பாட்டில் முட்டை போடுகிற நாள். அந்தப் பெண்ணின் சிநேகிதி சாப்பிட எழுப்பப் போனவள் கத்தினாள்: "மேடம், இவ ஒடம்பு நெருப்பா சுடுது! கண்ணே தொறக்கமாட்டேன்றா!"

ஆட்டோவில் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள். டீச்சர் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். குழந்தை திரும்பி வரவில்லை. காலையிலேயே கொண்டுவந்திருந்தாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டீச்சர் காதில் அது ஏறவே இல்லை.

ஸ்டாஃப் ரூமில் பேசினார்கள். தட்டி எழுப்பியிருந்தால் தெரிந்திருக்குமே என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குழந்தை தோட்டத்தில் இருட்டில் வேலை செய்தபோது யாரும் பேசவில்லை, தூங்க இடம் கொடுத்தவளைப் பேசுகிறார்களே! கொஞ்ச நாள் கழித்து அந்தக் குழந்தையின் அம்மா டி.சி. விஷயமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். செத்துப்போன பிள்ளைக்கு டி.சி. எதற்கென்று யாருக்கும் கேட்க வாய் வரவில்லை. டீச்சர் எழுந்து நின்றாள், அடி வாங்கத் தயாரானவள் மாதிரி. அந்த அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு நிம்மதியா தூங்கனதே உன் கிளாஸ்லதாம்மா. தாயி, நீ நல்லாருக்கணும்" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு டீச்சர் யாரையும் தூங்க விடவில்லை. கண் சொருகினால் போதும், ஓடிப்போய் உலுக்குவாள். பிள்ளைகள் அவளைக் கண்டு பயந்தார்கள். இன்று என் வகுப்பில்தான் தூக்கக் குழந்தைகளுக்குப் பாய் இருக்கிறது. படுக்க வைக்குமுன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்டுப் பதில் வாங்குவேன், இடையில் இரண்டு முறையாவது எழுப்பித் தண்ணீர் கொடுப்பேன். அவள் முறை நல்ல முறைதான், அதில் விட்டுப்போனது இது ஒன்றுதான். இதை அவளிடம் பலமுறை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பயிற்சிக்காக இருவரும் திருப்பதிக்குப் பஸ்ஸில் போனோம். சித்தூர் தாண்டியதும் எனக்குக் கண் அசந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, எதுனா ஒரு வார்த்த பேசிட்டு தூங்குக்கா."

"நல்லாத்தான்டி இருக்கேன்" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி உலுக்கல். கோபம் வந்தது. முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "நான் முழிச்சிக்கினு இருக்கேன். நீ செத்த நேரம் கண்ண மூடு" என்றேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"எனக்கு எங்கக்கா தூக்கம் வர்து? அந்தம்மா அன்னிக்கி என்னை ரெண்டு அறை அறைஞ்சிருந்தா வந்திருக்கும்."