தகுதியில்லாமல் போன திருவிருந்து

இன்று தென்னூரில் எங்கள் சர்ச்சில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் நாள். விவாகரத்துக்குப் பிறகு முதல் முறையாக எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றேன்.

பின்னாலிருந்து யாரோ முந்தானையை இழுத்தார்கள். பக்கத்துத் தெரு ஆன்ட்டி.

“நீ எடுக்கலாமாம்மா? அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்ல?”

“தகுதி இல்லைங்க ஆன்ட்டி. அதனாலதான் வந்திருக்கேன்.”

பீடத்தின் முன் முழங்காலிட்டபோது பக்கத்தில் அவரேதான். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். நான் குடித்ததும் போதகர் விளிம்பைத் துடைத்துவிட்டு அவரிடம் நீட்டினார். ஆன்ட்டி கொஞ்சம் தயங்கினார். பிறகு குடித்தார்.

தகுதி பார்த்துத்தான் கொடுப்பதென்றால், இன்று அந்தத் திராட்சரசம் ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே திரும்பியிருக்கும்; போதகருக்கும் கிடைத்திருக்காது.

அடுத்த மாதமும் போவேன். எனக்கு அடுத்து குடிக்க யாரெல்லாம் வர்றீங்க?