ராசையா அய்யாவின் மெடல் ஏலம்

1. முதல் நாள் பாடம்

போடியில் ஏலக்காய் ஏலம் கூப்பிடும் வேலைக்கு நான் சேர்ந்தது தொண்ணூற்றாறில். ஹால் பெரியது, மின்விசிறிகள் பழையவை, தரையெல்லாம் காய் சிதறிக் கிடக்கும். முதல் நாளே மேனேஜர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று சரக்கைப் பற்றி.

"காம்போட காய் வந்தா லாட்டுல ஏத்தாத தம்பி. தேய்ச்சு, புடைச்சு, சலிச்சு, பாலிஷ் போட்டுத்தான் வரணும். யாவாரி மொதல்ல கண்ணாலதான் வாங்குறான். மூக்குல வச்சுப் பாக்குறதெல்லாம் பெறகு."

இன்னொன்று சரக்குக்காரரைப் பற்றி. தோட்டத்துக்காரர் ஹாலில் உட்கார்ந்திருந்தால், 'ரெண்டு தரம்' சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால் 'மூணு தரம்' சொல்லி முடிக்கலாம். ஆட்டாவிட்டால் அந்த லாட், அதாவது அந்தச் சரக்கு, அன்றைக்கு விற்பனைக்கு இல்லை. இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஹாலின் வழக்கம், அவ்வளவுதான்.

இரண்டையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாம்பிள் தட்டு ஒவ்வொரு வியாபாரியின் கைக்கும் போய்வர வேண்டும், ஒருவரையும் விடக்கூடாது என்பதும் அதே நாளில் கற்றதுதான். அந்த மூன்று பழக்கமும் ஒரே நாளில் ஒரே மனிதருக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது யார் நினைத்தது.

2. ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்காத மெடல்கள்

ராசையா அய்யாவுக்குச் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. மலையில் ஒரு வெள்ளைக்காரர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் ஏலத்தோட்டம் வாங்கியவர். எங்கள் ஹாலுக்குக் காய் கொண்டுவருவார். அதிகம் பேசமாட்டார். விலை குறைந்தாலும் முகம் மாறாமல் தலையாட்டுவார். இப்படி ஒரு சரக்குக்காரர் கிடைப்பது ஏலம் கூப்பிடுகிறவனுக்குப் பெரிய நிம்மதி.

அவர் மெடல் சேர்க்கிறார் என்பது போடி பஜார் முழுக்கத் தெரியும். தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். "எந்தப் பந்தயத்துல ஓடி ஜெயிச்சாக?" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். நானும் கேட்டுச் சிரித்தவன்தான். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது காட்டினார். காய் உலர்த்தும் மரத்தட்டுகளில் பழைய வேட்டித் துணி விரித்து, அதன்மேல் வரிசையாக வைத்திருந்தார்.

பரிசாகக் கொடுக்கிற மெடல் அல்ல, காசும் அல்ல. உள்ளங்கை அகலத்துக்கு வெண்கலத்தில் வார்த்த வட்டம். ஒரு சிற்பி ஒரு பக்கம் ஒரு முகத்தைப் புடைப்பாகச் செய்திருப்பான், மறுபக்கம் வேறு ஏதாவது. குதிரை, பாய்மரம், அழுகிற பெண், வெறும் மழை. நிறம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று காப்பிக்கொட்டை நிறம், ஒன்று பாசிப் பச்சை, ஒன்று கிட்டத்தட்டக் கருப்பு.

முதல் மெடல் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கதவுக்கு முட்டுக் கொடுக்கக் கிடந்ததாம். பின்னல் போட்ட ஒரு சிறுமியின் முகம். கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் காய் விற்றதும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்குகிற வி.பி.பி.யில் ஒன்றோ இரண்டோ வரவழைப்பார். அவர் சம்சாரம் உயிரோடு இருந்தவரை அதற்காகச் சண்டை போட்டார் என்று அவரே சொன்னார்.

"நல்லா விளக்கி வச்சா இன்னும் எடுப்பா இருக்குமே அய்யா" என்றேன். புளி போட்டு விளக்காத வெண்கலத்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

அவர் சிரிக்கவில்லை. "அது அழுக்கு இல்ல தம்பி. தோலு. செஞ்சவனே சூடு பண்ணி, மருந்து தடவிக் குடுத்த தோலு. அதுக்கு மேல வருசக்கணக்கா காத்து பட்டு ஏறுனது. அத உரிச்சுட்டா பெறகு அது ஒண்ணுமே இல்ல" என்றார். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

3. கட்டைவிரல்

அதற்குச் சில வருடம் கழித்து அவருக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனார். அடுத்தடுத்து இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. தோட்டத்தை மகன் செல்வம் பார்த்துக்கொண்டார். நல்ல பிள்ளை. அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஹாலில் உட்காரவைத்துவிட்டுத்தான் லாட் நம்பர் கேட்க வருவார்.

பார்வை போனபிறகு மெடல்களை ராசையா அய்யா விரலால் பார்த்தார். எது எந்த மெடல் என்று கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டியதும் சொல்லிவிடுவார். "இவளுக்கு மூக்குத்திப் பக்கம் ஒரு கீறல் இருக்கும், இந்தா." நான் தடவினால் எனக்கு ஒன்றும் அகப்படாது. அந்தச் சிறுமியின் முகம் மட்டும் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போய்விடும்.

ஒருநாள் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு இனி அதிக நாள் இல்ல. நான் போனபெறகு செல்வம் இந்த மெடலையெல்லாம் என்ன செய்வான்? பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எவனாச்சும் வந்து கிலோவுக்கு இம்புட்டுன்னு கேட்டா தூக்கிக் குடுத்துருவான். அத உருக்கிருவாங்க. நான் இருக்கறப்பவே தெரிஞ்ச கைக்குப் போயிரணும். என் காய நீதான கூப்பிடுற, இதையும் நீயே கூப்பிடு."

மேனேஜர் ஏலமில்லாத ஒரு நாளில் ஹாலைத் தருவதாகச் சொன்னார். ராசையா அய்யா சொல்லச் சொல்ல, சென்னையிலும் பெங்களூரிலும் மெடல் சேர்க்கிறவர்களுக்கு நான் எழுதினேன். பெங்களூர்க்காரர் வர முடியாது என்றார். சென்னைக்காரர் வருவதாகப் பதில் போட்டார். அவரும் ஒரு சிற்பி. அந்தப் பதிலை ராசையா அய்யா என்னை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். ஒரு கல்யாண வீட்டுச் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

ஏலத்துக்கு முந்தின வாரம் செல்வம் வந்து மெடல்களை எடுத்துப் போகிறேன் என்றாராம். "ஹால்ல கொண்டுபோய் ஒழுங்கா அடுக்கி வச்சிர்றேன்ப்பா" என்று சொல்லியிருக்கிறார். மகன் இதில் அக்கறை காட்டியதே அதுதான் முதல் தடவை. அதில் தனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ராசையா அய்யா என்னிடம் சொன்னார்.

4. அன்று காலை

நான் ஹாலுக்குள் நுழைந்தபோது சாம்பிள் தட்டுகளில் மெடல்கள் தயாராக இருந்தன. எல்லாம் ஒரே நிறம். புதுக் குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாக மின்னின.

ஒன்றைக் கையில் எடுத்தேன். முகம் இருந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. கண் இல்லை, உதடு இல்லை. திருப்பினால் பாய்மரம் இருந்த இடத்தில் வழவழப்பு.

செல்வம் பக்கத்தில் வந்து நின்றார். "எப்படிண்ணே இருக்கு? முத்தையா அண்ணன் பட்டறையில குடுத்துப் பாலிஷ் போட்டேன். மொத உப்புத்தாள் மாதிரி எமரி பெல்ட்டுல தேய்ச்சு, பெறகு துணிச் சக்கரத்துல பிடிச்சாக. கூலி கூட வேணாம்னுட்டாக."

முத்தையா பாத்திரக்கடைக்காரர். பஜாரில் பழைய பித்தளை, வெண்கலம் வாங்கி விற்பவர். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "ரொம்பக் கருத்துக் கெடந்துச்சு தம்பி. நல்லா இருக்கட்டுமேன்னு ரெண்டு தடவ பிடிச்சேன்" என்றார். அதில் எந்தக் கள்ளமும் இல்லை.

"அப்பாகிட்ட கேட்டீகளா?" என்றேன்.

"அவுகளுக்குத்தான் கண்ணு தெரியாதேண்ணே. ஏலத்துக்குப் போற சரக்கு, அப்படியேவா வைக்கிறது? காய்க்கே அம்புட்டுப் பாடுபடுறோம்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது எங்கள் ஹாலில் தினமும் சொல்கிற பாடம்தான். எங்களிடமிருந்து கற்றதைத்தான் அந்த மனிதர் செய்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. "என்னண்ணே, தப்பாப் போச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ராசையா அய்யா வாசலுக்கு வந்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் சென்னைக்காரர். இருவரும் ஏதோ ஒரு மெடலைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ராசையா அய்யா சலவை வேட்டி கட்டியிருந்தார்.

5. ஏலம்

சென்னைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தட்டுகளிடம் வந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

என் காதோரம் குனிந்து, "இதுல வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது. என்னை மன்னிச்சுடுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சத்தம் வராமல் போய்விட நினைத்தார். ஆனால் எங்கள் ஹாலில் சத்தமில்லாமல் நடக்க முடியாது, காலடியில் காய் நொறுங்கும்.

"யாரு போறா?" என்றார் ராசையா அய்யா.

நான் அவரிடம் போனேன். "அய்யா, இன்னைக்கு வேணாம். இன்னொரு நாளைக்கு வச்சுக்கிருவோம்."

"ஏன்?"

அவர் கையை நீட்டினார். "சாம்பிள் தட்டு எல்லார் கைக்கும் வரணும்ல? எனக்கும் குடு."

கொடுக்காமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை. தட்டை அவர் மடியில் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலை ஓட்டினார். திருப்பி மறுபக்கம் ஓட்டினார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தபோது விரல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது, எதையோ தேடுகிற மாதிரி. செல்வம் சுவரோரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது என்று நினைக்கிறேன்.

ராசையா அய்யா தட்டை என்னிடம் நீட்டினார். "கூப்பிடு" என்றார்.

"அய்யா…"

"கூப்பிடு தம்பி. ஆளு உக்காந்திருக்குல்ல."

கூப்பிட்டேன். ஏலம் கூப்பிடுகிறவன் தன் ஏலத்தில் கேட்கக்கூடாது என்பது விதி. இல்லாவிட்டால் நானே கேட்டிருப்பேன். முத்தையா ஒருவர்தான் கேட்டார், கிலோவுக்கு. வெண்கலத்துக்கு பஜாரில் என்ன உண்டோ அதையே கேட்டார், ஏமாற்றவில்லை.

ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன். வழக்கப்படி ஒரு மூச்சு நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த நிறுத்தம் தெரியும். எத்தனை வருடமாக அதைக் கேட்டவர்.

"ஏன் நிப்பாட்டுற?" என்றார். "சரக்குக்காரன் எங்கன இருக்கானோ அவனைக் கேளு. இது என்னோடது இல்ல."

செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவர் பக்கம் திரும்பினேன். வேறு யாரைப் பார்ப்பது. அவர் அழுதபடியே தலையாட்டினார். மூணு தரம் என்று சொல்லி முடித்தேன்.

6. பிறகு

வாசல்வரை நான்தான் கூட்டிப்போனேன். படியில் நின்று சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறுமியை எடுத்து என் கையில் வைத்தார். பாசிப் பச்சையாக, பின்னலில் ஒவ்வொரு முடியும் பிரிந்து தெரிந்தது. "தடவிப் பாரு. இதுதான் என்னோடது" என்றார். தடவினேன். முதல் தடவையாக என் விரலுக்கும் அகப்பட்டது. திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மகனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் செல்வத்தைக் கொன்றது. "ஒரு அறை விட்டிருந்தாக்கூட ஆறியிருக்கும்ணே" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். முத்தையா மற்ற பழைய வெண்கலத்தோடு சேர்த்து அவற்றை உருக்கக் கொடுத்துவிட்டார். எதற்குப் பயந்து ராசையா அய்யா ஏலம் வைத்தாரோ அதுவே நடந்தது, அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே. அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். அந்த ஒரு மெடலை அவருடனேயே அனுப்பிவிட்டார்கள்.

ஏலத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. மூணாம் தரத்துக்கு முன்னால் சரக்குக்காரர் முகத்தைப் பார்க்கிற வழக்கம் நல்லதுதான், ஆனால் அது போதாது. சரக்கில் கைவைப்பதற்கு முன்னாலேயே அவரைக் கேட்க வேண்டும். கண் தெரியாதவர், காது கேளாதவர், படுத்த படுக்கையாக இருப்பவர் யாரானாலும் கேட்க வேண்டும். கேட்காமல் நல்லது செய்துவிட்டு, மூணாம் தரத்துக்கு முன்னால் நிறுத்தி முகம் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை.

செல்வம் அதன்பிறகும் எங்கள் ஹாலுக்குக் காய் கொண்டுவந்தார். தேய்க்காமல், புடைக்காமல், காம்போடு கொண்டுவருவார். அப்படிப்பட்ட காயை லாட்டில் ஏற்றக்கூடாது என்பது முதல் நாள் பாடம். நான் ஓய்வு பெறும்வரை அதை ஏற்றினேன். விலை குறைவாகத்தான் போகும். ரெண்டு தரம் சொல்லி அவர் முகத்தைப் பார்ப்பேன். தலையாட்டுவார்.