கீழ்வீட்டாரின் வெள்ளிக் கட்டி

நாங்கள் குடியிருக்கும் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு சீனப் பெண்மணி. போன வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, துணியில் சுற்றிய ஏதோ ஒன்றோடு மேலே ஏறி வந்தார். அவிழ்த்தால், தோணி வடிவில், கைக்கடக்கமாக ஒரு வெள்ளிக் கட்டி. இரண்டு ஓரமும் மேலெழும்பி, நடுவில் குழி விழுந்து, கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது. அந்தக் காலத்துச் சீனாவில் இதுதான் காசாம். நிறுத்துக் கொடுப்பார்களாம், தேவையென்றால் வெட்டியும் கொடுப்பார்களாம்.

தாய் விட்டுப்போன சொத்து அது. விற்றே தீரவேண்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் தமையன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். பழம்பொருள் சேர்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்.

"எனக்கு விற்க மனமில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை" என்று பிரெஞ்சில் சொன்னார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருகிறார்கள், ஞாயிறுவரை இது உங்களிடம் இருக்கட்டும் என்றார். பாவமாக இருந்தது. கட்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால், சாமித்தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் அது பளபளவென்று இருக்கிறது.

"என்னப்பா இது?"

"கறுத்துப்போய்க் கிடந்துது. சாமிக்குப் பக்கத்தில அப்பிடியே வைக்கிறது? வெள்ளிச் சாமானுகளோட சேத்துத் திருநீறு போட்டு மினுக்கிப்போட்டன்."

"அந்தக் கறுப்புக்குத்தானப்பா விலை."

"ஊத்தைக்கு ஆரப்பா காசு குடுக்கிறது?"

பழம்பொருள் ஏலம் காட்டும் நிகழ்ச்சிகளை விழுந்து விழுந்து பார்க்கிறவன் நான். மினுக்கினால் பழம்பொருளின் மதிப்புப் போய்விடும் என்று அதில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிறு கட்டியோடு கீழே போனேன். ரொறன்ரோவில் இருந்து தமையனும் வந்திருந்தார். வாங்க வந்தவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்த வேகத்திலேயே கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழமை போய்விட்டது, இனி உருக்குகிற வெள்ளியின் விலைதான் என்றார். தமையன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த விலைக்கு விற்பதைவிட நீயே வைத்துக்கொள் என்று தங்கையிடம் தள்ளிவிட்டுக் காரில் ஏறினார்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மா கட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் அடிக்க யாரும் வரவில்லை" என்றார். "வெள்ளிக்கிழமைகளில் உங்கள் மனைவி பின் பால்கனியில் இருந்து வெள்ளிச் சாமான்களை மினுக்குவதை நான் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்."