தண்ணி விழுதா?

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரன் வீட்டில் போன் சும்மா இருக்காது. வருடம் முழுக்க நம் நினைப்பே இல்லாத சொந்தமெல்லாம், "அருவில தண்ணி விழுதா?" என்று கேட்கும். விழுது என்று வாய் தவறிச் சொன்னால் அடுத்த ஞாயிறு வேன் வந்து நிற்கும். சுற்றுலா அவர்களுக்கு, செலவு நமக்கு.

நான் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவன். சீசனுக்கென்று சித்திரையிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைப்பேன். ஐந்தருவிக்கு ஆட்டோ, குளித்த பசிக்கு பார்டர் கடையில் பரோட்டாவும் கோழியும், புறப்படும்போது பிள்ளைகள் கையில் நேந்திரங்காய் சிப்ஸ். யாரையும் பர்ஸைத் திறக்க விட்டதில்லை. அப்படி ஒரு வறட்டு கௌரவம் எனக்கு.

அந்த வருடம் மகளின் காலேஜ் ஃபீஸ் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அப்போது பார்த்துக் கோவில்பட்டியிலிருந்து அக்கா அழைத்தாள்.

"ஏலே, தண்ணி விழுதா? ஞாயித்துக்கிழம நாங்க நாலு பேரும் வரலாம்னு பாக்கோம்."

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாலு நாளாகக் காயாத துணி வீட்டுக்குள் கொடியில் தொங்கியது.

"எங்க விழுதுக்கா, இந்த வருசம் மழையே இல்ல. அருவி நூலு மாதிரி வருது."

"அப்படியா. சரிலே, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கார்த்திகையில் நெஞ்சுவலி என்று அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீடு திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அத்தானிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் அத்தான். தண்ணி நல்லா விழுந்துச்சு."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் மாப்ள. அன்னைக்கே டிவில அருவியக் காட்டுனான். பிள்ளைக பாத்துரக் கூடாதுன்னு அவதான் சேனல மாத்துனா. தம்பிக்குக் கையக் கடிக்குது போலன்னா. சோத்தக் கட்டிட்டு நாமளே போயிட்டு வருவோமான்னு கேட்டேன். அங்கன வச்சு அவன் நம்மளப் பாத்துட்டா கூசிப்போவான், வேண்டாம்னுட்டா."

இப்போதும் சித்திரையிலிருந்து எடுத்து வைக்கிறேன். யார் அழைத்தாலும், கேட்டு முடிக்கும் முன்பே, "விழுது, வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். வருகிறார்கள், குளிக்கிறார்கள், பரோட்டா சாப்பிட்டுப் போகிறார்கள்.

அருவிக்குக் கீழே மட்டும் என்னால் நிற்க முடியவில்லை. தண்ணீர் தலையில் விழுந்ததும் அந்த இரைச்சலுக்குள் அக்கா கேட்கிறாள். போன சீசனில் தாங்க முடியாமல், "விழுதுக்கா, நல்லா விழுது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.